ஆர்.ஓ. மெம்பிரேனைக் குளோரீன் ஊற்றிக் கழுவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலைப் பக்கத்துக் குடிநீர்ச் சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்களில் சில கிழமைகளாக ஒரு காணொளி சுற்றுகிறது. அடைத்துப்போன ஆர்.ஓ. மெம்பிரேனை, அதாவது தண்ணீரை அமுக்கித் தள்ளும்போது உப்பைக் கழிவு நீரோடு தடுத்து நிறுத்தி நல்ல நீரை மட்டும் விடும் படலச் சுருளை, ஒருவர் கழற்றி வாளிக்குள் நிறுத்துகிறார். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அதே வாளிக்குள் குளோரீன் திரவத்தையும் ஊற்றுகிறார். நுரை பொங்குகிறது, பின்னணியில் பாட்டு வேறு. கடைசியில் குழாயில் தண்ணீர் பாய்ந்து வருவதைக் காட்டி, புது மெம்பிரேன் வாங்கும் காசு மிச்சம் என்று முடிக்கிறார். பகிர்ந்தவர்கள் நல்ல மனதோடுதான் பகிர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வேலை மெம்பிரேனையும் முடித்துவிடும், செய்கிறவரையும் முடித்துவிடக்கூடும். குழுவில் நான் எழுதிய பதில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விட்டது. அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

இவர் யார் சொல்ல என்று கேட்பார்கள். அரசாங்கப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது குச்சவெளிப் பக்கத்தில் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்தும் குடிநீர் நிலையத்தின் கணக்குப் புத்தகமும் சாவியும் என்னிடம். பொறியியலாளர் அல்ல. அமிலப் போத்தலைத் திறக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டியே சம்பளம் வாங்கியவள். அந்த உரிமை போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆளின் கதை. கழிவறைக்கென்று கடையில் விற்கும் அமிலத்தில் பெரும்பாலும் இருப்பது ஐதரோக்குளோரிக்கமிலம். குளோரீன் திரவம் என்பது சோடியம் உபகுளோரைற்று. கிணற்றுக்குப் போடும் புளீச்சிங் பவுடரும் அதே குடும்பம்தான், சோடியத்துக்குப் பதில் கல்சியம். இந்த இரண்டு பக்கமும் சந்தித்தால் குளோரீன் வாயு கிளம்பும். காணொளியில் பொங்கிய நுரையைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு படரும். எங்கள் நிலையக் கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு சின்ன அறை, ஒரு கதவு, மோட்டரைக் களவெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கம்பியும் தகடும் அடித்து மூடிய ஒரு ஜன்னல். அதற்குள் வாளியின் முன் குந்தியிருப்பவரின் மூக்கு, வாயு நிற்கும் உயரத்திலேயே இருக்கும்.

எங்களுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒருவனுக்கு இது நடந்தது. இயந்திரம் பூட்டிக் கொடுத்தவர்களின் ஆள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல இவன் கலக்கியிருக்கிறான். கண் எரிந்து இருமல் பிடித்ததும் வெளியே ஓடி வந்துவிட்டான், நல்ல காலம். காற்றுப் பட்டதும் கொஞ்சம் சுகமாகத் தெரியவே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். இரவில் மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனாலும் இன்றைக்கும் பவுடர் மணம் வந்தால் அந்தப் பக்கம் நிற்கமாட்டான். இந்த வாயு நுரையீரலில் வேலை காட்டச் சில மணித்தியாலம் எடுக்கலாம். ஆகவே சுவாசித்தவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். 1990 என்று அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. அது வரும்வரை ஆளைக் காற்று வரும் பக்கமாக, கொஞ்சம் மேடான இடத்துக்குக் கூட்டிப் போங்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள். வாளியைத் தூக்கி வெளியே வைப்போம் என்று யாரும் உள்ளே திரும்பிப் போக வேண்டாம்.

சரி, குளோரீனை மட்டும் தனியாக ஊற்றினால் என்ன என்று கேட்கிறார்கள். எங்கள் சங்கக் கூட்டத்திலேயே ஒரு அக்கா கேட்டார். ஆளுக்கு ஆபத்துக் குறையும், மெம்பிரேன் தப்பாது. இங்கேதான் அந்தக் காணொளியின் ஏமாற்று இருக்கிறது, அதை எடுத்தவரே ஏமாந்திருக்கலாம். இப்போது வரும் மெம்பிரேன்களில் உப்பைத் தடுத்து நிறுத்துவது பொலிஅமைட்டு என்ற மிக மெல்லிய ஒரு படலம். குளோரீன் அந்தப் படலத்தையே தாக்கி உடைக்கும். படலம் உடைந்தால் தண்ணீர் தடையில்லாமல் பாயும், கூடவே உப்பும் பாயும். குழாயில் வேகமாக வருவதைப் பார்த்து அடைப்பு நீங்கிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டீடீஎஸ் மீற்றரை அந்தத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்திருந்தால் சந்தோஷம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். காணொளியில் மீற்றரையே காணோம், கவனித்தீர்களா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம் குளோரீன் உள்ள தண்ணீரை விடாமல் ஓட்டினால், இந்தப் படலம் 200 முதல் 1000 மணித்தியாலத்துக்குள் பழுதைக் காட்டத் தொடங்கும் என்று மெம்பிரேன் செய்கிறவர்களே சொல்கிறார்கள். கடையில் வாங்கும் குளோரீன் திரவம் 5 வீதம் என்று வையுங்கள். அதில் ஒரு லீற்றரை 100 லீற்றர் தண்ணீரில் கலந்தால் லீற்றருக்கு 500 மில்லிகிராம். இரண்டு மணித்தியாலம் ஊறப்போட்டால் 500ஐ 2ஆல் பெருக்கி 1000, அந்த 1000 மணித்தியாலக் கணக்கு முடிந்தது. சில வருடம் உழைக்க வேண்டிய பொருளின் ஆயுளை ஒரு காலைப்பொழுதில் தின்றுவிட்டோம். தண்ணீரில் இரும்பு இருந்தால் பழுது இன்னும் வேகமாக நடக்கும்.

மெம்பிரேனுக்குக் குளோரீன் பாவிக்கலாம் என்ற நம்பிக்கை முழுக்க முழுக்கப் பிழையான இடத்திலிருந்து வந்ததும் இல்லை. 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் நம் பக்கத்துப் பெயர் கொண்ட சௌரிராஜனும் செய்த முதல் பயனுள்ள மெம்பிரேன் செலுலோசு அசற்றேற்றால் ஆனது. அது கொஞ்சம் குளோரீனைத் தாங்கும். பழைய கைநூல்களைப் படித்தவர்களின் வாயில் அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் நிற்கிறது. சந்தையில் இருக்கும் சாமானோ வேறு.

குளோரீன் இன்னொரு வழியாலும் எங்கள் நிலையங்களுக்குள் நுழைகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மார்கழி மழையில் வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குப் பவுடர் போடச் சொல்வார்கள். சரியான வேலை, கட்டாயம் போட வேண்டும், வாந்திபேதி வந்தால் யார் பொறுப்பு? ஆனால் அதே கிணற்றிலிருந்துதான் ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் தண்ணீர் போகிறது. மறுநாள் காலையில் மோட்டரைப் போட்டால், இடையில் இருக்கும் காபன் வடிகட்டிதான் அவ்வளவு குளோரீனையும் பிடிக்க வேண்டும். அந்தக் காபனை மாற்றி எத்தனை வருடம் என்று பல சங்கங்களில் ஒருவருக்கும் தெரியாது. பரிசோதகரிடம் குளோரீன் பார்க்கும் சிறிய பெட்டி இருக்கும். கிணற்றில் பார்க்கும்போது காபன் வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீரிலும் ஒரு முறை பார்த்துத் தரும்படி கேளுங்கள். அங்கே நிறம் தெரிந்தால் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். நாங்கள் அந்த நாட்களில் கிணற்றை இறைத்துவிட்டு, நிறம் வராது என்று ஆன பிறகே ஆர்.ஓ. பக்க வால்வைத் திறக்கிறோம். அதுவரை ஊர்ச் சனம் கொஞ்சம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

இனி, எப்படித்தான் கழுவுவது? அதற்கு முன் என்ன பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காணொளிக்காரருக்கு எல்லா அடைப்பும் ஒன்றுதான். எங்கள் மாவட்டத்திலேயே தண்ணீர் இடத்துக்கு இடம் மாறுகிறது. திருகோணமலை நகரத்தார் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைக் குழாயில் குடிக்கிறார்கள், அவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்தில் உப்பு. உள்ளே பதவி சிறிபுர, கோமரங்கடவல பக்கம் கல்சியமும் மகனீசியமும் மிகுந்த கடின நீர், சிறுநீரக நோய்ப் பயமும் சேர்ந்துதான் அங்கே ஆர்.ஓ. நிலையங்களைக் கொண்டுவந்தது. கடின நீரில் பிடிப்பது கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே கல்சியம் காபனேற்று. அது பெரும்பாலும் கழிவு நீர் வெளியேறும் கடைசி மெம்பிரேனில் முதலில் சேரும், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் ஆகச் செறிவாக இருக்கும். மூடியைக் கழற்றி ஓரத்தில் இருப்பதைச் சுரண்டி ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதுதான். வழுவழுப்பாக, சேற்று மணத்தோடு, முதல் மெம்பிரேன் பக்கம் இருந்தால் அது பற்றீரியாவும் பாசியும். செங்கல் நிறமாக இருந்தால் இரும்பு. முன்னால் உள்ள 5 மைக்ரோன் வெள்ளை வடிகட்டியைக் கழற்றிக் கையில் எடுத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

வெள்ளைப் படிவுக்கு அமிலம். வழுவழுப்புக்குக் காரம். இரண்டும் இருந்தால் முதலில் காரம், நன்றாக அலசிவிட்டு அப்புறம் அமிலம். மாற்றிச் செய்தால் அந்த வழுவழுப்பு இறுகிப்போய் பிறகு எதற்கும் அசையாது. தனிச் சுண்ணாம்புப் படிவு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் நேராக அமிலத்துக்குப் போகலாம்.

அமிலம் என்றவுடன் கழிவறைப் போத்தலை நினைக்க வேண்டாம். அதில் நிறமும் மணமும் தடிப்பாக்கும் பொருளும் கலந்திருக்கும், அதெல்லாம் மெம்பிரேனுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். சித்திரிக்கமிலத் தூள் போதும். 100 லீற்றர் சுத்திகரித்த தண்ணீருக்கு 2 கிலோ. பீஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறக்குறைய 2க்கு வந்து நிற்கும், அதற்குக் கீழே இறக்க வேண்டிய தேவையில்லை. காரத்துக்குக் காஸ்டிக் சோடா, இதில்தான் கை நடுங்க வேண்டும். 100 லீற்றர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய 40 கிராமிலேயே பீஎச் 12ஐத் தொட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒவ்வொரு முறையும் பீஎச் தாளில் பாருங்கள், 12ஐத் தாண்ட வேண்டாம். தூளைத்தான் தண்ணீருக்குள் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அமிலத்துக்கும் அதே விதி. காஸ்டிக் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம், கண்ணுக்குள்ளே தின்றுகொண்டே போகும். மூக்குக்கண்ணாடியை நம்பாமல் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை றப்பர் கையுறை, மூடிய சப்பாத்து. சாரமும் ரப்பர் செருப்புமாகக் கழுவ வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பாத்திரம் கழுவும் திரவம், துணியை மெதுவாக்கும் திரவம் என்று வீட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள சவர்க்காரச் சத்து படலத்தோடு ஒட்டினால் பிறகு கழலாது.

சூடு ஒரு முக்கியமான விடயம், எங்கள் ஊரில் இரண்டு மடங்கு முக்கியம். பீஎச் 12 கரைசலுக்குப் பெரும்பாலான மெம்பிரேன்களுக்குச் செய்கிறவர்கள் தரும் அளவுத்தாளில் 30 பாகை செல்சியஸ் அளவில்தான் எல்லை போட்டிருப்பார்கள். குளிர்நாட்டுக்காரர் சூடாக்கிக் கழுவச் சொல்வார்கள், அங்கே தண்ணீர் அவ்வளவு குளிர். கச்சான் அடிக்கும் ஆடி மாதத்தில் எங்கள் கூரைத் தாங்கித் தண்ணீர் மத்தியானம் கையை வைக்க முடியாமல் இருக்கும். நாங்கள் முதல் நாள் மாலையிலேயே தண்ணீரைப் பரலில் நிழலில் எடுத்து வைத்து, விடியக் காலையில் வெப்பமானியில் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம்.

வாளியில் ஊறப்போடுவதால் பெரிய பயனில்லை. மெம்பிரேன் என்பது பாயைப்போலச் சுருட்டிய பல தாள்கள். இடையில் மெல்லிய வலை. கரைசல் அந்த இடைவெளிக்குள்ளே ஓட வேண்டும், ஓட்டம்தான் அழுக்கை இழுத்துக்கொண்டு வரும். ஆகவே கழற்றாமல், அதன் குழாய்க்குள் வைத்தே கழுவுங்கள். ஒரு பிளாஸ்ரிக் பரல், அமிலம் தாங்கும் ஒரு சிறு பம்பி, நடுவில் ஒரு 5 மைக்ரோன் வடிகட்டி, திரும்பி வர இரண்டு குழாய். அவ்வளவுதான் சாமான். உயர் அமுக்கப் பம்பியை நிறுத்தி அதன் ஆளியையும் இறக்கிவிடுங்கள். தண்ணீர் வழக்கமாகப் போகும் திசையிலேயே கரைசலை விட வேண்டும். பின்பக்கத்தால் அடித்தால் சுருள் பிதுங்கிவிடும். அமுக்கம் 4 பாருக்குக் கீழே. நல்ல நீர் வரும் வால்வு திறந்தே இருந்து அதன் குழாயும் பரலுக்குள்ளேயே விழ வேண்டும், அதை மூடினால் படலம் பின்புறமாக உப்பிக் கிழியும். 4 அங்குல மெம்பிரேன் வைத்த குழாய் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 30 லீற்றருக்கு மேல் ஓட்டம் இருந்தால் நல்லது.

முதலில் திரும்பி வருவது கலங்கலாக வரும், அதைப் பரலுக்குள் விடாமல் வேறாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அரை மணித்தியாலம் சுற்றவிட்டு, நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, மறுபடி சுற்றவிடுங்கள். இடையில் பீஎச் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமிலக் கரைசலின் பீஎச் மேலே ஏறுகிறது என்றால் அது படிவைக் கரைக்கும் வேலையில் செலவாகிறது, இன்னும் கொஞ்சம் தூள் போடுங்கள். ஏறாமல் நின்றுவிட்டால் கரைய வேண்டியது கரைந்துவிட்டது. இந்த ஒன்று எனக்கு எப்போதும் பிடிக்கும், பிள்ளைகள் அளவியில் சொட்டு எண்ணிக்கொண்டு நின்ற அதே இரசாயனம்.

கடைசியில் சுத்திகரித்த தண்ணீரால் நிறைய அலசுங்கள். இயந்திரத்தை வழமைபோல ஓட்டத் தொடங்கிய பின்னும் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கக்கூடாது. பீஎச்சும் டீடீஎஸ்ஸும் கழுவுவதற்கு முந்தைய நல்ல நாளின் அளவுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும், அதுவரை கீழே விடுங்கள். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614இல் டீடீஎஸ் எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். நல்ல ஆர்.ஓ. நீர் அதற்கு வெகு கீழே நிற்கும். ஆகவே 500க்குள் இருக்கிறதே என்று ஆறுதல்படாதீர்கள். 60 காட்டிய இடத்தில் 300 காட்டினால் மெம்பிரேனோ அதன் றப்பர் வளையமோ போய்விட்டது.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது? கட்டடத்துக்குப் பின்னால் என்பதுதான் வழமையான பதில். எங்கள் கரையோரம் மணல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில். பின்னால் ஊற்றியது முன்னால் கிணற்றுக்குள் வந்துவிடும். அமிலக் கழிவை ஒரு பரலிலும் காரக் கழிவை இன்னொரு பரலிலும் பிடித்து, அமிலத்துக்குச் சுண்ணாம்போ அப்பச் சோடாவோ, காரத்துக்குச் சித்திரிக்கமிலமோ மெதுவாகப் போட்டு, தாள் 6க்கும் 9க்கும் இடையில் காட்டிய பிறகு கிணற்றிலிருந்து தூரமாக விடுங்கள். மழைக்காலத்தில் நிலையத்தை மூடி வைக்கும்போது மெம்பிரேனைப் பாதுகாக்கப் போடும் சோடியம் மெற்றாபைசல்பைற்று இருக்கிறதே, அதன் மேலும் அமிலத்தை ஊற்றக்கூடாது. கந்தகவீரொட்சைட்டு வாயு வரும், ஆஸ்துமாக்காரர் அந்தப் பக்கமே நிற்க முடியாது. நாங்கள் புளீச்சிங் பவுடரை நிலையத்துக்குள் வைப்பதையே நிறுத்திவிட்டோம். அது சங்கக் கட்டடத்தில் தனி அலுமாரியில் இருக்கிறது, சாவியும் வேறு ஆளிடம்.

வீட்டுக் குசினியில் பூட்டும் சின்ன ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம். அந்த மெம்பிரேனைக் கழுவும் பாட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கிப் போடலாம்.

இத்தனையும் செய்யவேண்டி வருவதற்குப் பெரிய காரணம் ஒன்று எங்கள் கையிலேயே இருக்கிறது. கழிவு நீர் வீணாகப் போகிறதே என்று வால்வை இறுக்கி மூடுகிறார்கள். வருகிற தண்ணீரில் பாதியை நல்ல நீராக எடுத்தால் மீதியில் உப்பு இரண்டு மடங்காகும். முக்கால்வாசியை எடுத்தால் நான்கு மடங்கு. அவ்வளவு செறிவில் சுண்ணாம்பு படியாமல் என்ன செய்யும்? கழிவு நீர் வால்வில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் திருகினால் தண்டம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைவிட முக்கியம் ஒரு புத்தகம். ஒவ்வொரு நாளும் அமுக்கம், நல்ல நீரின் ஓட்டம், டீடீஎஸ் மூன்றையும் எழுதுகிறோம். தண்ணீரின் சூடும் அமுக்கமும் அதேபோல இருக்கும்போது ஓட்டம் 10 முதல் 15 வீதம் குறைந்தால், அல்லது முதல் மெம்பிரேனுக்கு முன்னும் கடைசிக்குப் பின்னும் உள்ள அமுக்க வித்தியாசம் 15 வீதம் கூடினால், அப்போதே கழுவுகிறோம். பாதியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் எந்த அமிலமும் உதவாது.

இந்த நிலையங்களை அன்பளிப்பாகக் கொண்டுவந்து தருகிறவர்களுக்கும், அவற்றை ஏற்றுக்கொள்ளும் பிரதேச செயலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவுக்குக் கட்டும் பந்தல் காசில் ஒரு பங்கு போதும். பரல், சிறு பம்பி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பீஎச் தாள், வெப்பமானி, தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரு வழிகாட்டித் தாள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒன்று வேண்டாம், ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு தொகுதி இருந்தால் சங்கங்கள் முறை போட்டு எடுத்துப் பாவிக்கும். இயந்திரத்தைப் பூட்டுகிறவர்கள் மெம்பிரேனின் அளவுத்தாளைச் சங்கத்திடம் கையளிக்காமல் கடைசிக் கொடுப்பனவு வழங்கப்படக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அந்தத் தாளை நாங்கள் கேட்டபோது, அதெல்லாம் உங்களுக்கு விளங்காது அம்மா என்றார்கள். விளங்குகிறதா இல்லையா என்று தந்துவிட்டுப் பார்க்கட்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அதிகாரிகள் வருடத்தில் ஒரு நாள் சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு நேரில் கழுவிக் காட்டினால் அந்தக் காணொளிக்கு வேலையே இருக்காது.

அதுவரைக்கும், எங்கள் நிலையத்தில் கழுவும் நாளில் பக்கத்துச் சங்கத்தார் வந்து பார்க்கலாம். எங்கள் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார். விடியக் காலை தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். கண்ணாடியும் கையுறையும் அவரவர் கொண்டுவர வேண்டும், எங்களிடம் இருப்பது இரண்டு சோடிதான், அதுவும் சின்ன அளவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
குச்சவெளி, திருகோணமலை மாவட்டம்.